தெரு மரங்களுக்கு ஒரு பதிவேடு: சென்னையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அறுத்து, லாரியில் ஏற்றி, சாலையைத் திறந்துவிட்டார்கள். பெருங்கொன்றை, குல்மொகர், தூங்குமூஞ்சி இவைதான் அதிகம் விழுந்தன, புங்கனும் வேம்பும் ஓரளவு தாக்குப்பிடித்தன என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். ஆனால் அவை பலவீனமானவை என்பதால் விழுந்தனவா, இல்லை நம் தெருக்களில் அவைதான் அதிகம் நின்றன என்பதால் எண்ணிக்கையிலும் அதிகமாகத் தெரிந்தனவா? உங்கள் தெருவுக்கு இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் புயலுக்கு முன்னால் எழுதிய பட்டியல் ஒன்று வேண்டும். பெரும்பாலான தெருக்களில் அது இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது எந்த மரம் வாடியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைத் தண்ணீர் நாள்கணக்கில் நின்ற இடங்களில் அப்புறம் எந்த மரம் பட்டுப்போனது என்பதெல்லாமும் இப்படியே போய்விட்டது.

எங்கள் பகுதியில் பதிவேடு போடக் கிளம்பி யாரைக் கேட்பது, எதை அளப்பது, எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நிறைய அலைந்த பிறகு இதை எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்களை அறியாத ஒருவர், அடுத்த வருடம், உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே மரத்தின் முன்னால் போய் நிற்க முடிய வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

1. ஒரே ஒரு தெருவோடு தொடங்குங்கள்

வார்டு முழுக்க எடுக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். ஒரு தெரு, அதுவும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இரண்டு பக்கமும் முழுசாக முடியட்டும். அரைகுறையாக எடுத்த பத்துத் தெருவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எந்த மரம் கணக்கில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே, பொது இடத்தில் அடிமரம் இருப்பவை மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்குள் நின்று கிளை மட்டும் தெருவுக்கு வருபவை, கோயில், பள்ளி வளாகத்து மரங்கள் எல்லாம் பிற்பாடு. கூண்டுக்குள் இருக்கும் கன்றுகளை விட்டுவிடாதீர்கள். நட்டதில் எத்தனை பிழைத்தது என்பது கன்றிலிருந்தே எழுதினால்தான் தெரியும்.

சாலை யாருடையது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். உள்தெரு என்றால் மண்டல அலுவலகம். பேருந்து ஓடும் சாலை என்றால் மாநகராட்சியிலேயே வேறு துறை. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. கடைசியில் பதிவேட்டைக் கொடுக்கும்போது தவறான மேசையில் கொடுத்தால் அது அங்கேயே தூங்கும்.

2. கையில் இருக்க வேண்டிய கடிதம், கேட்டு வாங்க வேண்டிய பட்டியல்

நடைபாதையில் நின்று மரத்துக்கு டேப் சுற்றுவதற்கு எங்களிடம் யாரும் அனுமதிச் சீட்டு கேட்டதில்லை. ஆனால் "எதுக்கு அளக்கிறீங்க, வெட்டப் போறீங்களா?" என்று நிச்சயமாகக் கேட்பார்கள். குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளில், வெட்டுவதற்காக இல்லை, பாதுகாப்பதற்காகக் கணக்கெடுக்கிறோம் என்று நான்கு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, எல்லோரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். சங்கம் இல்லையென்றால் வார்டு கவுன்சிலருக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிய நகலைக் கொண்டுபோகலாம். காவல் நிலையம், நீதிமன்றம், ராணுவ இடம், ரயில்வே இடம் இவற்றின் ஓரத்தில் இருக்கும் மரங்களைப் படம் எடுக்க வேண்டாம். எழுதி மட்டும் கொள்ளுங்கள்.

அடுத்தது ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு. மாநகராட்சியிடம் உங்கள் தெருவைப் பற்றி ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத்தாள் மனு போதும், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுதி விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால், அல்லது வந்தது அரைகுறையாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள்.

இங்கே பலரும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. "எங்கள் வார்டில் எத்தனை மரங்கள் உள்ளன?" என்று கேட்டால் ஒரு எண் வரும், அத்தோடு முடிந்தது. நகல் கேளுங்கள். "இன்ன தெருவில் கடந்த 5 ஆண்டுகளில் நடப்பட்ட, அகற்றப்பட்ட, கிளை கழிக்கப்பட்ட மரங்கள் தொடர்பான பதிவேட்டுப் பக்கங்களின் நகல்" என்று தெளிவாக எழுதுங்கள். பதில் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம், மனுவைப் போட்ட அடுத்த ஞாயிறே தெருவில் இறங்கிவிடுங்கள்.

3. சாமான்களும் செலவும்

செலவு மிகக் குறைவு. தையல் டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும், பெரிய தூங்குமூஞ்சியை அது சுற்றாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஃபைபர் டேப் ஒன்று வாங்குங்கள், நீளத்தைப் பொறுத்து சில நூறு ரூபாய் ஆகும். 1 மீட்டர் 37 சென்டிமீட்டரில் கோடு போட்ட ஒரு குச்சி (எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்). கிளிப் வைத்த அட்டை, பென்சில். பேனா வேண்டாம், வியர்வையிலும் தூறலிலும் கலைந்துவிடும். ஒரு போன், அதற்குப் பவர் பேங்க், தண்ணீர், தொப்பி. ஒரு குழுவுக்கு இரண்டு பேர் குறைந்தபட்சம், மூன்று பேர் இருந்தால் நல்லது: ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு படம் எடுக்க.

போனில் நேரடியாகப் பதிய எபிகலெக்ட்5 என்ற செயலி இலவசம், இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும், இருப்பிடமும் படமும் சேர்த்தே ஏறும். கூகுள் ஃபார்ம் இருப்பிடத்தைத் தானாக எடுக்காது, அதை நம்பித் தொடங்காதீர்கள். எனக்குக் கேட்டால், முதல் தெருவைக் காகிதத்தில் எடுத்துவிட்டு, எந்தக் கேள்விகள் உண்மையில் தேவை என்று புரிந்த பிறகு ஆப்புக்கு மாறுவதே சரி.

4. மரத்துக்கு ஒரு எண்

எண்ணில் வார்டை நுழைக்காதீர்கள். வார்டுகள் மறுவரையறையில் மாறும். 2011-ல் சென்னை மாநகராட்சி விரிவடைந்து 200 வார்டுகளானபோது பழைய எண்கள் எல்லாம் குழம்பின. தெருப்பெயரின் சுருக்கம், அதன்பின் மூன்று இலக்க வரிசை எண், அவ்வளவு போதும். வார்டும் மண்டலமும் தனிப் பத்தியில் இருக்கட்டும்.

சிறிய கதவு எண் இருக்கும் முனையில் தொடங்கி, ஒரு பக்கம் முழுக்கப் போய், மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். மரம் செத்தாலும் வெட்டுப்பட்டாலும் அதன் எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்கக் கூடாது, அந்த வரியை அழிக்கவும் கூடாது. அதே குழியில் புதுக்கன்று நட்டால் அதற்குப் புது எண். "வெட்டப்பட்டது, இன்ன தேதி, இன்ன காரணம்" என்று எழுதிய வரிதான் பத்து வருடம் கழித்து மற்ற எல்லா வரிகளையும்விட அதிகம் சொல்லும்.

மரத்தில் பெயின்ட்டால் எண் எழுதுவது, தகடு வைத்து ஆணி அடிப்பது இரண்டும் வேண்டாம். ஆணி அடித்த இடம் பூஞ்சைக்கு வாசல். அதற்கு மேல், விளம்பரப் பலகையை எடுக்கச் சொல்லி நாம் மற்றவர்களிடம் கேட்க முடியாமல் போய்விடும்.

5. இருப்பிடத்தை இரண்டு விதமாக எழுதுங்கள்

திறந்தவெளியில் போனின் ஜி.பி.எஸ். சுமார் ஐந்து மீட்டர் வரை சரியாக இருக்கும். அடர்ந்த மரத்தடியிலும் அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், ஆறு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கும் புங்கன்களில் அது எந்த மரம் என்றே தெரியாமல் போய்விடும். நியூயார்க்கில் 2015-ல் தன்னார்வலர்கள் தெரு மரங்களைக் கணக்கெடுத்தபோது ஜி.பி.எஸ்.ஸை நம்பாமல், தெருமுனையிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் தூரத்தை அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போய்க் குறித்தார்கள். நம்மிடம் சக்கரம் இல்லாவிட்டால் என்ன, டேப் இருக்கிறது.

ஆகவே, போன் காட்டும் எண்களை ஐந்து தசம இடம் வரை எழுதுங்கள் (நான்கோடு நிறுத்தினால் பத்து மீட்டர் வரைகூடப் பிசகலாம்). கூடவே வார்த்தையிலும் எழுதுங்கள்: எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எந்த மின்கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசையில். மின்கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் குறியுங்கள். "டீக்கடை பக்கத்தில்" என்று எழுதாதீர்கள், கடை இடம் மாறும்.

6. சுற்றளவு

நம் நாட்டு வனத்துறை வழக்கப்படி அடிமரத்தை 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். குச்சி அதற்குத்தான், ஏனென்றால் "நெஞ்சு உயரம்" என்று விட்டுவிட்டால் ஆளுக்கு ஆள் மாறும். டேப் தரைக்கு இணையாக, முறுக்காமல், இறுக்காமல் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், பின்னால் டேப் சரிந்திருப்பது முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. சுற்றளவை சென்டிமீட்டரில் எழுதுங்கள். விட்டம் வேண்டுமென்றால் அப்புறம் 3.14-ஆல் வகுத்துக்கொள்ளலாம், 157 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் 50.

சிக்கலான மரங்கள் வரும். அந்த உயரத்துக்குக் கீழேயே கவைத்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அளந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். கணுவோ வீக்கமோ குறுக்கே வந்தால் அதற்குச் சற்று மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். விழுதும் வேரும் பின்னிக்கிடக்கும் ஆலமரத்தில் நேர்மையாக "அளக்க முடியவில்லை" என்று எழுதுவது, ஏதோ ஒரு எண் போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். உயரத்தை அளக்க மெனக்கெடாதீர்கள், எத்தனை மாடிக்குச் சமம் என்று குறித்தால் போதும். விதானத்தின் (கிளைகளும் இலைகளும் விரிந்த பரப்பின்) அகலத்தைத் தெருவாக்கிலும் குறுக்காகவும் அளந்து எழுதினால், நிழல் எவ்வளவு என்பது ஓரளவு பிடிபடும். வெயில் காலத்துக்குத் திட்டமிட அந்த எண்தான் உதவும்.

7. என்ன மரம்?

தெருவில் கேட்டால் பெயர் சொல்வார்கள், ஆனால் ஒரே பெயர் பல மரத்துக்கு இருக்கும். சென்னையில் அசோகா என்று சொல்வது பெரும்பாலும் நெட்டிலிங்கம். மயில்கொன்றை என்றால் சிலருக்கு குல்மொகர் மரம், சிலருக்கு வேலியோரச் செடி. வாகை, இயல்வாகை, தூங்குமூஞ்சி வாகை மூன்றும் வெவ்வேறு. அதனால் உள்ளூர்ப் பெயருக்கு ஒரு பத்தி, தாவரவியல் பெயருக்கு ஒரு பத்தி வையுங்கள்.

ஒவ்வொரு மரத்துக்கும் நான்கு படம்: முழு மரம், பட்டை, இலையின் இரண்டு பக்கம், பூவோ காயோ இருந்தால் அது. பெருங்கொன்றையும் குல்மொகரும் இலையில் குழப்பும். காயைப் பாருங்கள், குல்மொகருக்கு வாள் போல நீண்ட, மரக்கட்டை மாதிரி கெட்டியான நெற்று, பெருங்கொன்றைக்குச் சிறிய, தட்டையான, துருநிற நெற்று. ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்ற செயலிகள் நல்ல துணை, ஆனால் அவை சொன்னதை அப்படியே ஏற்றாதீர்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, பூக்கும் பருவத்தில் மறுபடி போங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சந்தன மரமோ செம்மரமோ கண்ணில் பட்டால், இருப்பிடத்தோடு அதைப் பொதுவெளியில் எங்கேயும் ஏற்றாதீர்கள். திருட்டுக்கு வழிகாட்டும் பட்டியலாகிவிடும். அந்த வரிகளைத் தனிக் கோப்பில் வைத்து அதிகாரிகளிடம் மட்டும் கொடுங்கள்.

8. பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பலர் படிவத்தில் "ஆபத்தான மரமா? ஆம்/இல்லை" என்று ஒரு கேள்வி வைக்கிறார்கள். பயிற்சி இல்லாத ஒருவர் போடும் "ஆம்", பிறகு யாரோ ஒருவர் வாகனம் நிறுத்த இடம் கேட்கும்போது அந்த மரத்தை வெட்டக் காரணமாகக் காட்டப்படும். அந்தக் கேள்வியே வேண்டாம்.

அதற்குப் பதில் கண்ணால் கண்டதை எழுதுங்கள். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் அல்லது தார் இருக்கிறதா, மண் தெரியும் இடம் எத்தனை சென்டிமீட்டர்? பொந்து இருக்கிறதா, எந்த உயரத்தில்? அடியில் காளான் முளைத்திருக்கிறதா? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா? மின்கம்பி, கேபிள் கிளைக்குள் போகிறதா? ஒரு பக்கம் மட்டும் கிளை கழித்திருக்கிறார்களா? ஆணி, விளம்பரத் தட்டி, இறுகிப்போன இரும்புக் கூண்டு? மழைநீர் வடிகால் மரத்திலிருந்து எத்தனை மீட்டரில் போகிறது, எந்த வருடம் தோண்டினார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி பெரும்பாலான படிவங்களில் இருக்காது. ஒரு பக்க வேரை இழந்த மரம் அடுத்த புயலில் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு கிடையாது, ஆகவே கட்டாயம் சேருங்கள்.

சிமென்ட் பூசிய மரங்களின் பட்டியலைத் தனியாக எடுத்து வையுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று 2013-ல் டெல்லி தொடர்பான வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிடலாம்.

9. எப்போது போவது

முதல் முழுக் கணக்கெடுப்புக்கு ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் தோது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, நிறுத்திய வண்டிகளும் குறைவு. பழகாத கைக்கு ஒரு மரத்துக்குப் பத்து நிமிடம் வரை ஆகும், பழகினால் பாதியாகும்.

பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி இவையெல்லாம் அந்தச் சமயத்தில் இலை உதிர்க்கும், மொட்டையாக நிற்பதைப் பார்த்து "பட்டுவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். எட்டும் உயரத்தில் ஒரு சின்னக் குச்சியை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

அடுத்து மே மாதத்தில் ஒரு சுற்று, அளவு வேண்டாம், வாட்டமும் கன்றுகளுக்குத் தண்ணீர் போகிறதா என்பதும் மட்டும். செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், கம்பியும் கிளையும் பார்க்க ஒரு சுற்று. சுற்றளவு வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தவர்கள் ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு தளிர், பூ, காய் எப்போது வருகிறது என்று எழுதலாம்; சீசன்வாட்ச் என்ற திட்டம் இந்தியா முழுக்க இதற்காகவே நடக்கிறது. பருவம் தப்பிப் பூப்பது நினைவை நம்பிச் சொல்லக்கூடியது இல்லை, தேதியோடு எழுதியிருக்க வேண்டும்.

புயல் அடித்தால் மழை விட்ட உடனே, கிளைகளை அப்புறப்படுத்தும் முன்னால் போக வேண்டும். அறுந்து தொங்கும் மின்கம்பி எங்கும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இறங்க வேண்டும், இதில் அவசரம் கூடாது. விழுந்தவை வேரோடு சாய்ந்தனவா, நடுவில் முறிந்தனவா, வேர்க்குழி எவ்வளவு அகலம், எந்தத் திசையில் சாய்ந்தன என்று எழுதிப் படமெடுங்கள். நின்ற மரங்களையும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் மேலே முதல் பத்தியில் கேட்ட கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

10. கணினியில் ஏற்றுவது

சாதாரண விரிதாள் போதும். மரத்துக்கு ஒரு தாள், வருகைகளுக்கு இன்னொரு தாள் என்று இரண்டாகப் பிரித்து மர எண்ணால் இணையுங்கள். பழைய அளவின்மேல் புது அளவை அடித்து எழுதுவதுதான் பதிவேடுகளைக் கொல்வது. படத்தின் பெயரில் மர எண்ணும் தேதியும் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் இருப்பிடத் தகவல் போய்விடும் என்பதால் மூலப்படத்தைச் சேமியுங்கள். வீட்டுக்காரர் பெயரோ போன் எண்ணோ இதில் வேண்டாம். சி.எஸ்.வி. நகல் (எந்த விரிதாள் மென்பொருளிலும் திறக்கும் எளிய கோப்பு) ஒன்றை இரண்டு பேர் வீட்டில் வைத்திருக்க வேண்டும், தொடங்கியவர் வீடு மாறிப் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

முடிந்ததும் இனவாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரே இனம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1990-ல் சொன்ன அளவுகோல். ஒரு பூச்சியோ ஒரு நோயோ வந்தால் மொத்தமும் போய்விடக் கூடாது என்பது காரணம். எங்கள் தெருவில் பெருங்கொன்றையும் புங்கனும் சேர்ந்தே பாதிக்கு மேல். இருப்பதை வெட்ட வேண்டாம், காலியான குழிகளுக்குப் பூவரசு, நாவல், மகிழம், சரக்கொன்றை என்று கேட்டு வாங்க இந்தக் கணக்கு கைகொடுக்கும். காலிக் குழிகளையும் எண் கொடுத்துப் பதிந்து வையுங்கள்.

11. கொடுக்க வேண்டிய இடம்

ஒரு பக்கச் சுருக்கம், தெரு வரைபடம், முழுப் பட்டியல் மூன்றையும் அச்செடுத்து நான்கு செட் போடுங்கள்: வார்டு உதவிப் பொறியாளர், மண்டல அலுவலகம், பூங்காத் துறை, கவுன்சிலர். சுருக்கத்தில் மூன்று கோரிக்கைக்கு மேல் வைக்காதீர்கள், அதையும் மர எண்ணோடு வையுங்கள்: இந்த எண் மரங்களைச் சுற்றி சிமென்ட்டை உடைக்க வேண்டும், இந்த எண் குழிகளில் கன்று வேண்டும், இந்த எண் மரங்களின் கிளைகள் கம்பியில் உரசுகின்றன. மொத்தமாக "மரங்களைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய முடியாது. ஒவ்வொரு பிரதியிலும் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அப்புறம் வரும் அவசரப் புகார்களுக்கு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, புகார் எண்ணை அந்த மரத்தின் வரியிலேயே எழுதுங்கள்.

பொது இடத்து மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மனுவோடு அந்த மரத்தின் எண், சுற்றளவு, தேதியிட்ட படம், முன்பு பதிவேட்டைக் கொடுத்தபோது வாங்கிய முத்திரைப் பிரதி எல்லாவற்றையும் இணையுங்கள். வடிகால் ஒப்பந்ததாரர் வந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகு இவற்றைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அதனால் முத்திரைப் பிரதியின் படத்தை இப்போதே எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள்.